பொருளாதாரம் வர்த்தகப் பிரிவுக்கு மட்டும் உரியதா?

கடந்த தவணையில் ஒருநாள் கல்லூரி நூலகத்தில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தபோது ‘திறைசேரி உண்டியல்’ என்ற சொல் கண்ணில் பட்டது. எனக்குத் தெரிந்த உண்டியல்கள் இரண்டுதான். ஒன்று, சில்லறை போட்டு வைக்கும் மண் உண்டியல். மற்றது, வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாமார் வீட்டுக்குப் பணம் அனுப்பும் உண்டியல். இது எந்த உண்டியல் என்று விளங்காமல், வர்த்தகப் பிரிவில் படிக்கும் தோழியிடம் கேட்டேன். “அது எங்கட பாடம். ஆர்ட்ஸ் படிக்கிற உனக்கு அது என்னத்துக்கு?” என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. சாதாரண தரத்தில் வணிகக் கல்வியைத் தெரிவு செய்யாத ஒரு மாணவி, உயர்தரத்தில் கலையோ விஞ்ஞானமோ படித்தால், வரி என்றால் என்ன, மத்திய வங்கி என்ன செய்கிறது, அரசாங்கம் யாரிடம் கடன் வாங்குகிறது என்று ஒரு வரி கூடப் படிக்காமல் பாடசாலையை விட்டு வெளியேறலாம். 2022ஆம் ஆண்டைக் கடந்து வந்த நமக்கு இது சரிதானா?

அப்போது நான் தரம் 9. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. பரீட்சை இல்லையென்று நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். உம்மாவும் நானும் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றோம். ‘டொலர் இல்லை’ என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்த டொலர் எங்கே போனது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

அதில் ஒரு சிறு பங்கு எங்கள் வீட்டு வாசலால் போயிருக்கிறது என்பது இப்போதுதான் விளங்குகிறது. வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். 2021இன் கடைசி மாதங்களில் ஒரு டொலருக்குச் சுமார் 203 ரூபா என்று மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. உண்டியல்காரரோ அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். “பேங்க்ல போட்டா கொறயத்தான் கெடைக்கும் மகள்” என்பார் உம்மா. வாப்பா அங்கே ஒருவரிடம் றியாலைக் கொடுப்பார். அவருடைய ஆள் இங்கே உம்மாவின் கையில் ரூபாவைக் கொடுப்பார். எங்களுக்குப் பணம் வந்துவிட்டது. ஆனால் அந்த றியால் நாட்டுக்குள் வரவேயில்லை. எரிவாயுக் கப்பலுக்குக் கொடுக்க வங்கியிடம் இருந்திருக்க வேண்டிய பணம் அது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கிகள் ஊடாக அனுப்பியது 2020இல் சுமார் 710 கோடி டொலர். 2021இல் அது சுமார் 550 கோடியாகவும் 2022இல் சுமார் 380 கோடியாகவும் குறைந்தது.

இதற்காக உம்மாமாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. விலையைப் பிடித்து வைத்தவர்கள் மேலே இருந்தார்கள். 2022 மார்ச்சில் பிடியைத் தளர்த்தியதும் டொலர் இரண்டு மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. வீடு நடத்தும் பெண் கூடக் கிடைக்கும் இடத்தில் வாங்கத்தான் செய்வாள். ஆனாலும், நாம் நின்ற வரிசைக்கும் நம் வீட்டுக்கு வந்த காசுக்கும் தொடர்பு உண்டென்று எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லையே!

‘வரி பணக்காரர் விஷயம்’ என்ற நினைப்பும் இப்படித்தான். வற் வரி 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது. பின்னர் அதே வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாகியது. 118 ரூபாவுக்கு ஒரு சவர்க்காரம் வாங்கினால் அதில் 18 ரூபா வரி. கூலி வேலை செய்பவரும் மாளிகையில் வாழ்பவரும் அந்தச் சவர்க்காரத்துக்கு ஒரே வரியைத்தான் கொடுக்கிறார்கள். இது நியாயமா என்று கேட்க, முதலில் அது நடக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் சமூகத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. வங்கி என்றால் வட்டி, வட்டி நமக்கு வேண்டாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வட்டியை விலக்குவது வேறு, அது எப்படி இயங்குகிறது என்று அறியாமல் இருப்பது வேறு. 2020இல் இலங்கை அரசாங்கத்துக்கு வருமானமாக வந்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 70 ரூபாவுக்கு மேல் கடன்களுக்கான வட்டிக்கே போனது. வட்டி வாங்காத வீட்டிலிருந்து போன வரியும் அதற்குள் இருக்கிறது. இதைப்பற்றிப் பேச நமக்குத்தான் அதிக உரிமை உண்டு என்பேன்.

அந்தத் திறைசேரி உண்டியலுக்கு வருகிறேன். அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. 91, 182, 364 நாட்களுக்கென்று விற்பார்கள். வங்கிகளும் பிறரும் வாங்குவார்கள். போதிய அளவு வாங்க ஆளில்லாதபோது மத்திய வங்கியே புதுப் பணத்தால் வாங்கிக்கொண்டது. ‘காசு அச்சடிக்கிறார்கள்’ என்று சந்தியில் பேசியது இதைத்தான். பொருட்கள் கூடாமல் காசு மட்டும் கூடினால் விலை ஏறும். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்து அந்த வழியை அடைத்தது. விளங்க எனக்கு அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது. சொல்லித் தந்தவள் அதே தோழிதான், கன்டீனில், ஒரு ரோல்ஸுக்கு!

நான் கேட்பது புதிய பாடத்திட்டமல்ல. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் வாரத்தில் வர்த்தகப் பிரிவு மாணவியர் மற்றப் பிரிவினருக்கு ஒரு பாடவேளை அதை விளக்கட்டும். பொது நிதி மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. அந்தப் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் வாக்கு, பதினெட்டு வயதில் நம் கைக்கும் வருகிறது.

வாப்பா இப்போது வங்கியில்தான் போடுகிறார். போன மாதம் ரசீது வந்தபோது உம்மா அதை என்னிடம் நீட்டி, “இதுல எத்தன ரூபாப்படி போட்டிருக்கான் எண்டு பார்த்துச் சொல்லுங்க மகள்” என்றார்.