பி.டி.எஃப். வேண்டாம், ஒரிஜினல் ஃபைலைக் கொடுங்கள்!

இண்டர்நெட்டில் ஒர்க்‌ஷீட் தேடாத ஆசிரியரை இன்று பார்ப்பது அரிது. வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் பெற்றோரும் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கவும் செய்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். டவுன்லோட் செய்தது நம் வகுப்புக்குப் பொருந்தாது. கொஞ்சம் மாற்றிக் கொள்ளலாம் என்று பார்த்தால் வந்திருப்பது பி.டி.எஃப். அதுவும் இல்லாமல் மொபைலில் போட்டோ எடுத்த ஜே.பி.ஜி. ஆகவும் இருக்கும்.

அமெரிக்க சைட்டுகளில் இலவசமாகக் கிடைக்கும் கணக்குத் தாள்களையே பாருங்கள். அச்சு அழகு, படங்கள் அழகு. ஆனால் காசு எண்ணும் கணக்கில் டாலரும் சென்ட்டும் வரும். நீளம் அளக்க அங்குலம் வரும். இவற்றையாவது வாயால் சொல்லிச் சமாளிக்கலாம். இடமதிப்புப் பயிற்சியில் என்ன செய்வீர்கள்? அவர்கள் 1,000,000 என்று கமா போடுகிறார்கள். நம் பிள்ளை முதலில் படிப்பது 10,00,000. பத்து லட்சத்தை இப்போதுதான் பழகும் குழந்தையிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் இருப்பதும் குழம்பிப் போகும். கமாவை மாற்ற ஒரு நிமிடம் போதும், ஃபைல் திறந்தால்!

தமிழில் உள்ளவை மட்டும் என்ன வாழ்ந்தன? வேர்டு ஃபைலாகவே கிடைத்தாலும், பழைய தாள்களில் பல பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். விண்டோஸ் 2000-லேயே யூனிகோட் தமிழ் வந்துவிட்டது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடைத் தர எழுத்துருவாக அறிவித்தது. இதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவது நியாயமா? யூனிகோடில் இருந்தால் தேடலிலும் அகப்படும். பாமினியில் அடித்த தாளை கூகுளில் தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்று வாட்டர்மார்க். வினாவைப் படிக்க முடியாதபடி தாளின் நடுவே பெயரும் போன் நம்பரும். உழைத்தவர் பெயர் போட ஆசைப்படுவதில் தவறில்லை. அடியில் சின்னதாகப் போடட்டும். உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது என்றும் நடக்கிறது. 1957-ஆம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுத்துக் கொள்ள இடம் தருகிறது. அடுத்தவர் தாளில் தன் பெயரைப் பதித்து வலம் வர விடுவதற்கு அல்ல.

மாற்றக்கூடிய ஃபைல் வேண்டுமா? கூகுளில் தலைப்பை அடித்துவிட்டு, ‘ஃபைல்டைப்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளியும், டி, ஓ, சி, எக்ஸ் என்ற நான்கு எழுத்துகளும் அடியுங்கள். வேர்டு ஃபைல்கள் மட்டும் வரும். தெரியாத சைட்டிலிருந்து எடுத்ததைத் திறக்கும்போது மேக்ரோவை அனுமதிக்கச் சொன்னால் மறுத்து விடுங்கள்.

எல்லாவற்றையும் தாளாகவே கொடுக்க வேண்டுமா என்பதும் என் கேள்வி. முப்பத்தைந்து பிள்ளைகள், நாளுக்கு ஒரு தாள், இருநூறு வேலை நாள் என்றால் 7,000 நகல்கள். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் 7,000 ரூபாய். பல பள்ளிகளில் இது ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்துதான் போகிறது. மின்சுற்றை விளக்க ஒர்க்‌ஷீட்டை விட பெட் சிமுலேஷன் நல்லது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழிலும் பல கிடைக்கின்றன. ஒரே ஹெச்.டி.எம்.எல். ஃபைலாக பென் டிரைவில் எடுத்துப் போனால் நெட் இல்லாத பள்ளியிலும் ஓடும். முன்பு ஃபிளாஷில் செய்திருந்த கல்வி விளையாட்டுகளுக்கு இந்த வசதி இல்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோப் ஃபிளாஷை நிறுத்தியதும், பிரவுசரில் அவை மொத்தமாகப் படுத்துவிட்டன. ஒரே கம்பெனியின் பிளேயரை நம்பியிருந்ததன் பலன்.

எனவே தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, பி.டி.எஃப்.-ஐ அனுப்புங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே யூனிகோடில் அடித்த வேர்டு ஃபைலையும் வையுங்கள். யாரும் மாற்றிப் பயன்படுத்தலாம், பெயர் மட்டும் குறிப்பிடுங்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதற்கே ஒரு வகை இருக்கிறது. ஃபைலுக்கு ‘நியூ ஃபைனல் 2’ என்றெல்லாம் பெயர் வைக்காமல் வகுப்பு, பாடம், அலகு என்ற வரிசையில் வைத்தால், அடுத்த ஜூனில் உங்களுக்கே தேட எளிதாக இருக்கும்.