"காலி செய்" என்றால் போதுமா?

மாதம் பிறந்து 3-ந் தேதி. காலையில்தான் வாடகைப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார், தையல் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தாய். மாலையில் திரும்பியதும் வீட்டுக்காரரின் மகன் வாசலில் நிற்கிறார். "எங்கள் சொந்தக்காரர் குடிவருகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்துவிடுங்கள்" என்கிறார். ஞாயிறும் போயிற்று. திங்கட்கிழமை காலையில் மோட்டார் ஓடவில்லை. குழாயில் தண்ணீர் இல்லை!

நமது வட்டாரத்தில் நடந்த சம்பவம் இது. இம்மாதிரிக் குடும்பங்கள் நமது அலுவலகத்தின் படியேறி வருவது புதிதல்ல. வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வாடகை பாக்கி இல்லாதபோது இப்படிச் சொல்லலாமா, தோழரே?"

சொல்லக்கூடாது. மாதவாடகைக் குடித்தனத்தை முடிக்க முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்பது நேற்று வந்த விதி அல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 106-வது ஷரத்து, இதைக் கூறுகிறது. வேறு ஒப்பந்தமோ, உள்ளூர்ச் சட்டமோ, வழக்கமோ இல்லாதபோது 15 நாள் நோட்டீஸ் வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், வீட்டில் உள்ள குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். இவற்றுக்கு வழியில்லையானால் கட்டிடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். வாசலில் நின்று போடும் சத்தம் நோட்டீஸ் ஆகாது.

முன்பெல்லாம் இந்த 15 நாள் குடித்தன மாதத்தின் கடைசியோடு முடிய வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் பிசகினாலும் வழக்கு தள்ளுபடி. வக்கீல்களுக்குத்தான் கொண்டாட்டம்! 2003-ஆம் ஆண்டின் 3-வது சட்டம் இதை மாற்றியது. இப்போது நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. நாள் குறைந்த நோட்டீஸ் என்றாலும், 15 நாள் கழித்துத்தான் வழக்குப் போட்டார் என்றால் அது செல்லும். ஆகவே "நோட்டீஸில் தேதி தப்பு" என்று நம்பி யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்காரர் பூட்டை உடைத்துச் சாமான்களைத் தெருவில் எறிய முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அப்படிப் பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற 1963-ஆம் ஆண்டின் தனிப்பட்ட பரிகாரச் சட்டம் இடமளிக்கிறது.

தமிழ்நாட்டு நகரங்களில் வெகுகாலம் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. சட்டம் சொன்ன காரணமின்றி வெளியேற்ற முடியாது என்பதால் நோட்டீஸுக்கு அதிக வேலையில்லை. அதன்கீழ் வரும் வழக்குக்கு 106-வது ஷரத்து நோட்டீஸ் தேவையில்லை என்று 1979-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் இன்று இல்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிய வேண்டும் என்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்றும், அட்வான்ஸை, பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாதாம், 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்'! இந்த ஓட்டைக்குள் பத்து மாத அட்வான்ஸும் தாராளமாக நுழைகிறது.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்க விரும்பவில்லை. ஒரு மில் தொழிலாளி வெளியூரில் வேலை கிடைத்ததும் இரவோடு இரவாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிறகு அட்வான்ஸைக் கேட்டு நம்மைத் துணைக்கு அழைத்தார். போனோம். வீட்டுக்காரர் என்று நாம் நினைத்தது ஒரு விதவைத் தாயை; அந்த ஒற்றை அறை வாடகைதான் அவருக்கு அரிசியும் மருந்தும். "சொல்லியிருந்தால் வேறு ஆள் பார்த்திருப்பேனே, அப்பா" என்றார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி, மீதியை வாங்கி வந்தோம். தொழிலாளிக்கு நம் மேல் கோபம்தான். இருக்கட்டும்! அதே 106-வது ஷரத்து இருவரையும் கட்டுப்படுத்துகிறது.

ஆனாலும் இருவருக்கும் ஒரே 15 நாள் என்பது சமத்துவமா? அறை காலியாக இருந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகை நஷ்டம். குடித்தனக்காரருக்கோ, புது அட்வான்ஸுக்குக் கடன், நடுவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலைக்குப் போகத் தொலைவு. போதாததற்கு, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று ஜாதியைச் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வி வேறு. 15 நாளில் எந்த வாசலைத் தட்டுவது? வீட்டுக்காரர் தருவது குறைந்தது இரண்டு மாதம், குடித்தனக்காரர் தருவது ஒரு மாதம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது நமது கருத்து.

அதுவரை ஒப்பந்தம் எழுதும்போதே நோட்டீஸ் காலத்தைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அதில் எழுதியதே முதலில் செல்லும். வாடகைக்கு ரசீது கேளுங்கள். காலி செய்வதானால் வெள்ளைத் தாளில் நான்கு வரி போதும்: வீட்டின் விலாசம், எந்தத் தேதியில் காலி செய்கிறோம், அட்வான்ஸ் தொகை, கையெழுத்து. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் வீட்டுக்காரரின் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தபாலை வாங்க மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே கோர்ட்டு கொள்ளும்.

அந்தத் தையல் தொழிலாளியின் வீட்டுக்கு மறுநாளே ஐந்து பேர் போய்ப் பேசினோம். மோட்டார் ஓடியது. இரண்டு மாத அவகாசம் எழுத்தில் கிடைத்தது. அடுத்த தெருவில் வீடு பார்த்திருக்கிறார். அட்வான்ஸில் இன்னும் பாதிதான் சேர்ந்திருக்கிறது.