டெக் ரவுண்ட் அப்: 2025-ல் விடைபெற்ற 4 சேவைகள்... உங்களுக்கு என்ன மாற்றம்?

புது போன், புது ஏ.ஐ என 2025-ல் அறிமுகங்களுக்குக் குறைவே இல்லை. அதே ஆண்டில், நாம் பழகிய சில சேவைகள் சத்தமில்லாமல் விடைபெற்றன. அவற்றில் நான்கு இங்கே...

ஸ்கைப்

வெளிநாட்டில் பிறந்த பேரக்குழந்தையைப் பல தாத்தா, பாட்டிகளுக்கு முதலில் காட்டியது ஸ்கைப்தான். 2003-ல் தொடங்கிய இதை, 2011-ல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு வாட்ஸ்அப், ஜூம் பக்கம் மக்கள் நகர்ந்துவிட, 2025 மே 5-ம் தேதி மூடுவிழா. பழைய சாட்களை எடுத்துக்கொள்ள அப்போது அறிவிக்கப்பட்ட அவகாசம், 2026 ஜனவரி வரை.

விண்டோஸ் 10

அக்டோபர் 14-ம் தேதியுடன் இதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. கம்ப்யூட்டர் எப்போதும்போல ஓடும். ஆனால், புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாது. அதில் நெட் பேங்கிங் செய்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். அதற்காக உடனே புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. செட்டிங்ஸின் அப்டேட் பகுதியில் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால், 2026 அக்டோபர் 13 வரை கவலையில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்ய சம்மதித்தால் கட்டணமும் கிடையாது.

பதிவுத் தபால்

அஞ்சல் துறை இதைத் தனிச் சேவையாக வைக்காமல், ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைத்துவிட்டது. தபால் உரியவர் கையிலேயே சேர வேண்டுமென்றால், ஸ்பீடு போஸ்ட் அனுப்பும்போது 'பதிவு' வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். இதற்குக் கூடுதலாக 5 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும். வக்கீல் நோட்டீஸ், பத்திரங்கள் அனுப்புபவர்கள் கவுன்டரில் மறக்காமல் சொல்லுங்கள்.

யு.பி.ஐ 'கலெக்ட்' ரெக்வஸ்ட்

போனதில் நல்லது இது ஒன்றுதான்! 'உங்களுக்குப் பணம் வருது, பின் நம்பர் போடுங்க' என்று ஏமாற்றி, பணத்தை உருவ மோசடிக்காரர்கள் பயன்படுத்திய வழி இது. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் இப்படிப் பணம் கேட்கும் வசதி அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அப்போது வியாபாரிகளுக்கு இந்தத் தடை பொருந்தவில்லை. எனவே, ஒன்றை மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்: பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் தேவை, வாங்குவதற்குத் தேவையே இல்லை.

850 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சேவைக்கே பூட்டுப் போடுகிறார்கள். இன்று நாம் படங்களைக் கொட்டிவைத்திருக்கும் ஆப்களும் ஒருநாள் மூடப்படலாம். கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் வீடியோ, மறைந்த உறவுகளின் குரல்... இவற்றையெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவையுங்கள்.