மழையை அளக்கும் செல்போன் கோபுரம்

பொதட்டூர்பேட்டைப் பக்கம் மழைக்காலம் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: ஆந்திராவில் எவ்வளவு பெய்தது? அங்கே அம்மப்பள்ளி அணையைத் திறந்தால், இங்கே பள்ளிப்பட்டு சுற்றுவட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். தறிக்கு நூல் ஏற்றிவந்த வண்டியும், டியூஷன் போன பிள்ளையும் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

அந்த மழையை அளக்கச் செல்போன் கோபுரமே உதவும். கோபுரத்தில் மத்தளம் போல வட்டமாக ஆன்டெனா கட்டியிருப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? நம் பேச்சையும் வீடியோவையும் அடுத்த கோபுரத்துக்கு மைக்ரோவேவ் அலையாக அனுப்புவது அதுதான். நடுவில் மழை பெய்தால் துளிகள் அந்த அலையைக் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் சிதறடிக்கும். மழை வலுக்க வலுக்க அலை வலுவிழக்கும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், எவ்வளவு பெய்தது என்று கணக்கிட்டுவிடலாம்.

இஸ்ரேல் ஆய்வாளர் ஹாகிட் மெஸ்ஸரின் குழு 2006-லேயே இதை 'சயன்ஸ்' இதழில் எழுதியது. 2013-ல் நெதர்லாந்து முழுவதற்கும் இப்படி மழை வரைபடம் போட்டுக் காட்டினார்கள். நம் ஊர் மழைக்குச் சரிப்படுமா? இலங்கையில் 2019-ன் கடைசி மாதங்களில், டயலாக் செல்போன் நிறுவனத்தின் கோபுர இணைப்புகளை வைத்துச் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் அதே மாதங்கள்தான்!

அலையை வைத்து உணர்வது மழையோடு நிற்கப்போவதில்லை. தகவலும் அனுப்பி, சுற்றுப்புறத்தையும் உணரும் ஒரே ஆன்டெனா அமைப்பை, அடுத்த தலைமுறை செல்போன் தொழில்நுட்பமான 6ஜி-யின் ஆறு முக்கியப் பயன்பாடுகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023-ல் சேர்த்துவிட்டது. திரும்பி வரும் அலையை வைத்தே சாலையில் போகும் வண்டியை, ஆளை அறியலாம். வீட்டு வைஃபையால்கூட ஆள் நடமாட்டத்தை உணர முடியும்.

இங்கேதான் எனக்குத் தயக்கம். தனியாக இருக்கும் பாட்டி தடுக்கி விழுந்தால் வைஃபை சொல்லுமென்றால் நல்லதுதான். ஆனால் நம் வீட்டில் யார் எப்போது வருகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்பது ஏதோ ஒரு கம்பெனிக்கு ஏன் தெரிய வேண்டும்? வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் அந்த வசதியை ஆன் செய்யவே கூடாது. அதைச் சட்டமாகவே எழுதி வைக்க வேண்டும்.

மழைக் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை. யார் பேசினார், என்ன பேசினார் என்பதெல்லாம் தேவையே இல்லை. கோபுரத்துக்குக் கோபுரம் அலையின் பலம் தெரிந்தால் போதும். தங்கள் பராமரிப்புக்காக நிறுவனங்கள் எப்படியும் அதைக் கவனிக்கின்றன. அந்த எண்களை வானிலைத் துறைக்கும், எல்லைக்கு இரு பக்கமும் உள்ள மாவட்ட நிர்வாகங்களுக்கும் கொடுத்தால் என்ன? மழைமானி இல்லாத இடத்து மழையும் தெரியவருமே!

இதற்கு 6ஜி வரும்வரை காத்திருக்கவும் கூடாது. மத்தள ஆன்டெனாக்களுக்குப் பதிலாகக் கோபுரங்களுக்கு ஃபைபர் கேபிள் வந்துகொண்டிருக்கிறது. கேபிளுக்குள் போகும் ஒளிக்கு வெளியே பெய்யும் மழை தெரியாது. மத்தள ஆன்டெனாக்கள் கோபுரத்தில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்