தோற்ற கட்சி திறந்த கதவு

1972 மார்ச் 23 அன்று, ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகர மண்டபத்தில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. அங்கே பிறந்த ‘ஒன்றுபட்ட டாஸ்மேனியக் குழு’தான் உலகின் முதல் பசுமைக் கட்சி என்று இன்று கருதப்படுகிறது. அதை வழிநடத்தியவர் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஜோன்ஸ். ஒரு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். கையில் பணமில்லை, கிளைகள் இல்லை. இருந்தும் கட்சி தொடங்கினார்கள் என்றால், அதற்குக் காரணம் பெடர் ஏரி.

தென்மேற்கு மலைகளுக்கு நடுவே கிடந்த அந்த ஏரியின் கரை இளஞ்சிவப்பு மணலால் ஆனது. கோடையில் நீர் தாழும்போது சிறு விமானங்கள் இறங்கும் அளவுக்கு அந்த மணல்வெளி அகன்றிருக்கும். 1955இல் அது தேசியப் பூங்கா ஆனது. 1967இல் அதே அரசு, நீர்மின் திட்டத்துக்காக ஏரியை மூழ்கடிக்கச் சட்டம் இயற்றியது. சுமார் 10 சதுர கிலோமீட்டர் ஏரி, மூன்று அணைகள் தேக்கும் 240 சதுர கிலோமீட்டர் நீருக்கு அடியில் போகவேண்டும். ஒரு தேசியப் பூங்காவுக்கே இந்தக் கதி என்றால், அரசு தரும் பாதுகாப்பு உறுதிமொழிக்கு என்ன மதிப்பு?

மக்கள் சும்மா இருக்கவில்லை. மனு கொடுத்தார்கள், ஏரிக்கரைக்கே திரண்டு போனார்கள். நீர்மின் ஆணையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்த ஏரியைப் படமெடுத்து ஊருக்குத் திரையிட்டுக் காட்டியவர் ஒலேகாஸ் ட்ருச்சனாஸ். 1972 ஜனவரியில் கார்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அரசு அசையவில்லை. தொழிலாளர் கட்சி அணை வேண்டும் என்றது. லிபரல் கட்சியும் அதையே சொன்னது. மலிவான மின்சாரம் ஆலைகளைக் கொண்டுவரும், ஆலைகள் வேலை தரும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. யாருக்கு வாக்களித்தாலும் ஏரி மூழ்கும் என்ற நிலையில் வாக்காளருக்கு என்ன தேர்வு மிஞ்சியது?

இயக்கம் இயக்கமாகவே இருக்கவேண்டும், தேர்தலில் இறங்கினால் நெறி கெடும் என்ற வாதம் எல்லா நாடுகளிலும் கேட்பதுதான். நான் அதை ஏற்கவில்லை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே பக்கம் நிற்கும்போது, மனு கொடுப்பவரின் கோரிக்கையை வாக்குச்சீட்டில் ஏற்ற வேறு வழி கிடையாது.

அந்தத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை சுமார் 4 விழுக்காடு வாக்குகள். ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஏரியைக் காக்க ஆதரவு திரட்ட கான்பெராவுக்குச் சிறு விமானத்தில் புறப்பட்ட பிரெண்டா ஹீனும் விமானி மாக்ஸ் பிரைஸும் அந்த ஆண்டு செப்டம்பரில் காணாமல் போனார்கள், இன்றுவரை தடயமில்லை. மத்திய அரசு பணம் தர முன்வந்தும் மாநில அரசு மறுத்துவிட்டது. ஏரி மூழ்கியது. மூழ்கடித்த நீர்த்தேக்கத்துக்கும் பெடர் ஏரி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

கட்சியும் சில ஆண்டுகளில் கலைந்தது. ஆனால் அது எழுதிவைத்த ‘புதிய அறம்’ என்ற அறிக்கையும், சேர்த்துவைத்த ஆட்களும் கலையவில்லை. 1975இல் அதன் சார்பில் செனட்டுக்குப் போட்டியிட்ட மருத்துவர் பாப் பிரவுன், பிராங்க்ளின் ஆற்றில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிரான போராட்டத்தை வழிநடத்தினார். 1983 ஜூலை 1 அன்று உயர் நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த அணை நின்றுபோனது. பெடரில் தோற்றுப் பழகியவர்கள் பிராங்க்ளினில் வென்றார்கள்.

பசுமை அரசியல் வளர்ந்ததில் துணிவுக்கு இருப்பது போலவே தேர்தல் முறைக்கும் பங்கு உண்டு. டாஸ்மேனியாவில் ஒரு தொகுதிக்கு ஏழு உறுப்பினர்கள். எட்டில் ஒரு பங்கு வாக்குகள் இருந்தால் ஓர் இடம் உறுதி. 1989இல் அந்த வழிவந்த பசுமை உறுப்பினர்கள் ஐவர் வென்று, யார் ஆட்சி அமைப்பது என்பதையே முடிவு செய்தார்கள். பெரிய கட்சிகளுக்கு இது உறுத்தியது. 1998இல் இரண்டும் கைகோத்து, சட்டமன்றத்தை 35இலிருந்து 25 இடங்களாகக் குறைத்தன. தொகுதிக்கு ஐந்து உறுப்பினர்களே என்றானதால், ஓர் இடத்துக்கு ஆறில் ஒரு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. சுமார் 10 விழுக்காடு வாக்குகள் வாங்கியும் பசுமைக் கட்சிக்கு அந்த ஆண்டு ஒரே ஓர் இடம்தான். சிக்கனம் என்று காரணம் சொன்னார்கள். விளைவைப் பார்த்தால் அது கதவடைப்புதான்.

2021 தேர்தலில் அக்கட்சி 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்று இரண்டு இடங்களில் வென்றது. 2024இல் சட்டமன்றம் மீண்டும் 35 இடங்களுக்கு விரிந்தது. பசுமைக் கட்சியின் வாக்கு ஒன்றரை விழுக்காடு அளவே கூடியது, இடங்கள் ஐந்தாயின.