எங்கே நின்று பார்க்கிறீர்கள்?

"கிராபிக்ஸ் மட்டம்!" இந்த இரண்டு வார்த்தைகளில் ஒரு வீடியோ விளையாட்டுக்குக் கருமாதியே செய்து முடித்துவிடுகிறவர்கள் நம் வீடுகளில் பெருகிவிட்டார்கள். மரத்தில் இலையை எண்ண முடிகிறதா, கதாநாயகன் கன்னத்தில் மயிர்க்கால் தெரிகிறதா என்பதுதான் அவர்கள் வைக்கும் பரீட்சை. தெரியாவிட்டால் விளையாட்டைச் செய்தவன் சோம்பேறி. அல்லது வீட்டுக் கம்ப்யூட்டர் கிழடு. உடனே தகப்பனாரின் சட்டைப் பைக்கு ஆபத்து!

பரீட்சையே தப்பு என்கிறேன் நான். எவ்வளவு நுணுக்கம் தெரிகிறது என்று கேட்பதற்கு முன்னால், பார்க்கிற கண்ணை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா? விளையாட்டிலே காமிரா என்று சொல்வது நிஜக் காமிரா அல்ல. கணக்கிலே மட்டும் இருக்கிற ஒரு கண். அது நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

1997-ல் ஜப்பானின் ஸ்கொயர் கம்பெனியார் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அது ஓடிய பிளேஸ்டேஷன் பெட்டியின் பிரதான நினைவகம் 2 மெகாபைட். இன்றைக்குக் கைபேசியில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது போதாது. ஆனாலும் அதில் வருகிற மிட்கர் நகரத்துச் சந்துகளில் குழாயும் கம்பியும் தகரமும் அப்படி அடைந்து கிடக்கும். என்ன சூட்சுமம்? அந்தச் சந்துகளில் கண்ணின் கோணம் மாறாது. பெரிய கம்ப்யூட்டர்களில் சாவகாசமாகத் தீட்டி முடித்த படத்தை நாடகத் திரைபோலப் பின்னால் தொங்கவிட்டார்கள். பெட்டி உடனுக்குடன் வரைய வேண்டியது மனிதர்களைத்தான். அவர்கள் கட்டைப் பொம்மைகள் மாதிரிதான் இருந்தார்கள், அதை மறைப்பானேன்!

2020-ல் அதே கதையைப் புதிதாகச் செய்தார்கள். பிளேஸ்டேஷன் 4-க்கு 8 ஜிகாபைட். பழையதைப்போல் 4,000 மடங்குக்கு மேல். கண் இப்போது கதாநாயகன் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆடுகிறவர் இஷ்டப்படி சுழன்றது. அவன் அறைக் கதவைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் சிரித்தார்கள்: கதவு கலங்கிய சேறுபோல் இருந்தது! 2021-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த பதிப்பில்தான் அந்தக் கதவுக்கு விமோசனம்.

கதவின் மேல் ஒட்டிய படம் பத்தடி தூரத்தில் அழகாகத்தான் இருக்கும். மூக்கை வைத்து உரசினால் ஒவ்வொரு புள்ளியும் பூதாகாரமாகிவிடும். கண்ணை அவிழ்த்துவிட்டால் யார் எந்தக் கதவில் மூக்கை வைப்பார்கள் என்று யார் கண்டார்கள்? எல்லாக் கதவையும், எல்லாக் குப்பைத் தொட்டியையும் கிட்டப் பார்வைக்குத் தயாராக வைத்து, விநாடிக்கு 30 தடவை வரைந்து காட்ட வேண்டும்.

1999-ல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-ல் ஆடுகிறவர் ஆகாயத்திலிருந்து பார்க்கிறார். சிப்பாய் நகத்தளவு. ராஜாவுக்குப் படையின் எண்ணிக்கை வேண்டும், கண்ணிமை எதற்கு?

ஒரு குழந்தை சொல்லுவதாக எழுதிய கதையில், பரண்மேல் என்ன இருந்தது என்று ஏன் எழுதவில்லை என எந்த வாசகரும் கடிதம் போடுவதில்லை. குழந்தைக்குப் பரண் எட்டாது என்று அவருக்குத் தெரியும். இந்த நியாயம் விளையாட்டுக்கு மட்டும் கிடையாதா?

அசையாத கண்ணிலே தொந்தரவு உண்டு. காட்சி மாறும்போது இடது எது, வலது எது என்று தடுமாறும். 2005-ல் 'ரெசிடெண்ட் ஈவில் 4' கண்ணைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தபோது குறி பார்த்துச் சுடுவது சுலபமாயிற்று. வேண்டியவர்கள் அவிழ்த்துவிடட்டும். ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை பணம் மட்டுமல்ல. ஒவ்வொரு தெருவையும் எல்லாக் கோணத்துக்கும் கட்ட வேண்டியிருந்ததால், பழைய விளையாட்டில் ஒரே மூச்சில் முடிந்த கதையைப் பல பாகங்களாக வெட்டினார்கள். வியாபார யோசனையும் அதில் இருந்திருக்கும். எப்படியானாலும், 1997-ல் மிட்கரை விட்டுப் புறப்பட்டு உலகத்தையே சுற்றி வந்தவர்கள், 2020-ல் நகரத்து எல்லையோடு நின்றார்கள். அதற்கு அப்பால் ஓர் அடி வைக்க 2024 வரை காத்திருந்தார்கள்.