டிரம் அடித்தவருக்குக் கூலி எங்கே?

பெரிய இசைக் கம்பெனிகளின் தயவில்லாத இளைஞர்கள் பலர் ஒன்று சேர்ந்து மின்னணு இசையில் ரீமிக்ஸ் தொகுப்புகளை வெளியிடுகிறார்கள். ஏற்கெனவே பதிவான பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேறு தாளத்தில் கோத்து, புதுப் பாட்டாக ஆக்குவதுதான் ரீமிக்ஸ். 'இது இசையா, திருட்டா?' என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியே தவறு என்கிறோம் நாம். இந்த இசையில் யாருடைய உழைப்பு இருக்கிறது? அதன் பலன் யாருக்குப் போகிறது? இதுவே கேட்கவேண்டிய கேள்வி.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1969-ல் அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசை. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிட, கிரிகோரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் தனியாக டிரம் அடிக்கிறார். சுமார் ஏழு விநாடி. அவ்வளவுதான்.

1986-ல் நியூயார்க்கில் வெளியான 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்டு பீட்ஸ்' என்ற தொகுப்பு அந்தப் பழைய தட்டை மீண்டும் இளைஞர்களின் கையில் சேர்த்தது. ஒலித்துண்டைப் பிடித்து வைத்து, வேண்டிய வேகத்தில் திருப்பி ஒலிக்கும் 'சாம்ப்ளர்' இயந்திரமும் அப்போது வந்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் அந்த ஏழு விநாடியை வேகப்படுத்தி, அறுத்து, அடுக்கி, 'ஜங்கிள்' என்ற புதிய இசையையே உண்டாக்கினார்கள். இன்று ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்தத் தாளம் ஒலிக்கிறது.

கோல்மனுக்குக் கிடைத்தது என்ன? ராயல்டியாக ஒரு காசும் இல்லை! 2006-ல் வீடுவாசலின்றி, வறுமையில் மாண்டார். குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கும் ராயல்டி வரவில்லை. 2015-ல் பிரிட்டிஷ் டி.ஜே.க்கள் இருவர் ரசிகர்களிடம் நிதி திரட்டி, 24,000 பவுனை ஸ்பென்சருக்குக் கொடுத்தார்கள். கோல்மன் அப்போது உயிரோடில்லை.

சட்டம் தூங்கிக்கொண்டிருந்ததா? இல்லை. ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில், அனுமதியின்றி ஒலித்துண்டு எடுப்பது திருட்டே என்று 1991-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு என்ன? பணமுள்ளவன் அனுமதியை விலைக்கு வாங்குகிறான்; பணமில்லாத இளைஞன் வழக்குக்கு அஞ்சுகிறான். பிரிட்டனிலோ, இரவில் திறந்தவெளியில் இந்த இசையைக் கேட்கக் கூடுவோரைக் கலைக்க 1994-ல் போலீசுக்கு அதிகாரம் தரப்பட்டது. இளைஞர்களை மிரட்டத் தெரிந்த சட்டத்துக்கு, டிரம் அடித்தவரின் பசி தெரியவில்லை!

இளைஞர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கோல்மனின் தாளத்தை எடுத்தவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைத் தட்டின் உறையில் அச்சிட்டார்கள்? இன்று அதே கதி அவர்களுக்கும் வந்து சேர்கிறது. கம்பெனிகள் 'ரீமிக்ஸ் போட்டி' என்று அறிவிக்கின்றன. இரவு பகலாக உழைத்து இளைஞர்கள் பாட்டை அனுப்புகிறார்கள். ஒருவருக்குப் பரிசு, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அனுப்பிய பாட்டின் உரிமை முழுவதும் கம்பெனிக்கே என்று எழுதிவைத்த போட்டிகளும் உண்டு. இது கூலியில்லா வேலை அல்லாமல் வேறென்ன?

ஆகவே நாம் சொல்கிறோம்: ஒவ்வொரு தொகுப்பிலும், எடுத்தாண்ட ஒலியை வாசித்தவரின் பெயர் அச்சிடப்படவேண்டும். தொகுப்பில் பங்குபெறும் ஒவ்வொருவரின் பங்கும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். ஒலித்துண்டுக்கான கட்டணம் ஏழை இளைஞனும் கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதில் ஒரு பகுதி, தட்டின் சொந்தக்காரனுக்கு மட்டுமல்ல, வாசித்த கலைஞனுக்கும் சேரவேண்டும்.

இவை தனி ஆளாகக் கேட்டுக் கிடைப்பவை அல்ல. சேர்ந்து தொகுப்பு வெளியிடத் தெரிந்த இளைஞர்களுக்குச் சேர்ந்து உரிமை கேட்கவும் தெரியும். ஏழு விநாடி உழைப்பும் உழைப்புதான். அதற்குரிய கூலி நன்கொடையாக அல்ல, உரிமையாகவே வரவேண்டும்!